கூடத்துக்கு வந்த பஸ் சீட்டு

செஞ்சி கடைத்தெருவில் ஒரு பஸ் சீட்டு மாட்டு வண்டியில் ஏறி வந்தது. அதன் பின்னால் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தவர் என் வீட்டுக்காரர்.

வண்டியில் வேறு சரக்கு கிடையாது. மூன்று பேர் உட்காரும் நீள சீட்டு, பச்சை ரெக்சின், நடுவில் ஒரு கிழிசல், கிழிசல் வழியாக எட்டிப் பார்க்கும் தேங்காய் நார். பஸ்ஸின் முன்வரிசையில் இருந்த சீட்டு என்பதால் பிடித்துக்கொள்ள எதிரில், அதோடு சேர்த்துப் பற்றவைத்த ஓர் இரும்புக் கம்பியும் உண்டு.

காபிக் கடை வாசலில் நின்ற ஒருத்தர், "இன்னாபா, திண்டிவனம் போவுமா?" என்று கேட்டாராம். வண்டிக்காரர் சளைத்தவர் இல்லை. ஆள் சேர்ந்ததும் எடுக்கிறேன், ஏறி உட்கார் என்றார். ஏறியே விட்டார்கள் இரண்டு பேர். துணிக்கடை வரைக்கும் சவாரி செய்துவிட்டு, விசில் அடித்து நிறுத்தி இறங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தபடியே கடைத்தெருவை நடந்து முடித்தார். அன்று பூராவும் அவர் என்னிடம் பேசவில்லை. மற்ற நாளிலும் அவர் பேச்சு 'சோறு போடு' என்பதற்கு மேல் போகாது என்பதால் எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

வண்டி எங்கள் வாசலில் நின்றதும் மாமனார் வெளியே வந்தார். சீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இன்னாடா இது?"

"சீட்டு, நைனா."

"அது தெரியுது. பஸ்ஸு எங்க?"

கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அந்த சீட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான்.

ஆண்களுக்கு ஒரு கூடம்

போன வாரம் என் கல்யாணத்தில் பாயசம் பற்றாமல் போன கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் நாத்தனார் கஸ்தூரி போன் செய்தாள். "பாயசத்த வுடு அண்ணி, பஸ் சீட்ட எப்ப எழுதப் போற?" என்றாள். வயதாகியும் அவளுக்கு என்னை அதட்டுவதில் இருக்கிற சுகம் குறையவில்லை. அவளுக்குப் பயந்துதான் இந்த வாரம் இது.

அறுபதுகளின் நடுவில், திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு மருமகளாக வந்தேன். மாமனாருக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலை என்று சொன்னால் செஞ்சியில் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் அப்படிச் சொல்கிறவரை வெளியூர்க்காரர் என்று முடிவு கட்டி விலையை ஏற்றிவிடுவார்கள்.

முன்பக்கம் மண்டி, அதை ஒட்டிக் கூடம், கூடத்துக்குப் பின்னால் சமையல்கட்டு. மண்டியில் இடம் போதாத மூட்டைகள் கூடத்துக்குள் வந்துவிடும். மூட்டைக்கு அடுத்தபடியாகக் கூடத்தில் உரிமை ஆண்களுக்கு. மாமனாருக்கு ஒரு மர நாற்காலி, வருகிற வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு பெஞ்சு. பெண்களுக்குத் தரை. அதுவும் கூடத்துத் தரை என்று நினைத்துவிடாதீர்கள். சமையல்கட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கத்துத் தரை.

இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பிறந்த வீட்டில் இரண்டு பிரம்பு நாற்காலி இருந்தது. ஒன்று பிய்ந்தது. அந்தப் பிய்ந்ததில் உட்கார்ந்துதான் நான் எட்டாவது வரை படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்த பெண்ணுக்கு வாசற்படி எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் ஏறிய கொடி

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உடைப்பார்கள். நான் வீட்டை அலங்கரிப்பேன்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வாரப் பத்திரிகையில், பட்டணத்து வீட்டுக் கூடம் ஒன்றின் படம் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்குத் திரை, தரைக்கு விரிப்பு, ஒரு சோபா. சோபாவில் ஒரு பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆண்பிள்ளை யாரும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தினேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

காசு போட்டு வாங்க வழி கிடையாது. கிழிந்த கோணிகளைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்துத் துவைத்து, பழைய புடவைக் கரையை விளிம்பில் தைத்து விரிப்பு ஆக்கினேன். கோணியில் அச்சடித்திருந்த எண்ணெய் மில் பெயர் மட்டும் எத்தனை துவைத்தும் போகவில்லை. மருந்துக் கடைக்காரர் கழித்துப் போட்ட மூடியில்லாத கண்ணாடி ஜாடி பூ ஜாடி ஆயிற்று. அத்தையின் சாயம் போன ஆரஞ்சுப் புடவை ஜன்னல் திரை ஆயிற்று. அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. அதிகம் பேசாதவர். திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடவ இப்பதான் நல்லா இருக்குது" என்றார்.

செஞ்சியில் ஜன்னலுக்குத் திரை போடுவதென்றால் முதலில் குரங்குகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு மத்தியானம் ஒரு கடுவன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுத் திரையை உருவிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையில் அது கோட்டை மதிலில், ஒரு முட்செடியில் மாட்டிக்கொண்டு படபடவென்று பறந்தது. கடைத்தெருவில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

மாமனார் மண்டி வாசலில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "எத்தினியோ ராஜா வந்து கொடி ஏத்தன கோட்டை. இப்ப எம் பொண்டாட்டி பொடவ பறக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மழைக்காலம் வந்து கிழிகிற வரைக்கும் அது அங்கேயே பறந்தது. எங்கள் வீட்டுக்கு வழி கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டி, அந்தப் புடவைக்காரர் வீடு என்று சொன்னார்கள்.

தரையும் வயிறும்

அந்த வருஷம்தான் நான் முழுகாமல் இருந்தேன். மாதம் ஏற ஏறத் தரைக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது. கஸ்தூரி வந்து இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. அவர் எழுந்தால் மூட்டு சொடுக்குகிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க நேர்ந்தால், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய கஸ்தூரி அன்றைக்கு லீவு போட்டுவிடலாம்.

ஒருநாள் கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காலைத் தொங்கப் போட்டதும் இடுப்பில் இருந்த வலி அப்படியே இறங்கியது. கண் சொக்கியது. அதற்குள் வாசலில் மாமனார் கனைத்தார். திட்டவில்லை, முறைக்கவில்லை, கனைத்தார், அவ்வளவுதான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். போனவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, மூட்டைமேல் போர்த்தப் பழைய தார்ப்பாய் கிடைக்குமா என்று விசாரிக்க என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பின்னால் இருந்த பட்டறைக்குப் போனார். ஓடி ஓய்ந்த பஸ் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பலகையெல்லாம் விறகுக்குப் போகிறது, சீட்டுகள் வெயிலில் கிடக்கின்றன என்று வந்து சொன்னார். அவர் தானாக வந்து இவ்வளவு பேசியது அந்த வருஷத்தில் அதுதான்.

எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. நாற்காலியில் பெண்கள் உட்காரக் கூடாது, பெஞ்சில் உட்காரக் கூடாது, சரி. பஸ்ஸில்? அமாவாசைக்கு அமாவாசை அத்தையும் மாமனாரும் மேல்மலையனூருக்குப் பஸ்ஸில்தான் போகிறார்கள். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து போகிறார். மாமனார் பின்னால் நின்றுகொண்டே வருகிறார். யாரும் கனைப்பதில்லை. அப்படியானால் பஸ் சீட்டு கூடத்துக்கு வந்தால் அதில் உட்காரலாமா, கூடாதா? இதை என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பதில் சொல்லத் தெரியாமல்தான் அவர் போய் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் பிரயாணி

சீட்டை ஜன்னலோரம் போட்டோம். கிட்டத்தில் பார்த்தால் ஒரு குறை இருந்தது. சாய்மானத்தின் மேல் பலகையில் மஞ்சள் பெயின்டில் கொட்டை எழுத்தில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. பழைய பஸ்ஸிலிருந்து பிடுங்கியது என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் கூடத்துக்கு வருகிறவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டுமா என்ன?

அத்தையின் ஊதாப் புடவை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கிழிசலில் பஞ்சை அடைத்து, சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் சேர்த்து உறை தைத்து, கீழே சுருக்கு வைத்து, பலகையும் எழுத்தும் வெளியே தெரியாமல் இழுத்துக் கட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று, கொஞ்சம் நல்ல மனதோடு பார்த்தால், பத்திரிகைப் படத்து சோபாவேதான்.

காபித் தண்ணீர் வைத்துவிட்டு வந்து அத்தையும் நானும் உட்காரலாம் என்று இருந்தோம். காபி கொதிப்பதற்குள் மாமனார் வந்து உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழும்பி எழும்பிப் பார்த்தார். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். காலை நீட்டினார். "மருமவளுக்குக் கைராசி இருக்குதுடா" என்று மகனிடம் சொன்னார். மர நாற்காலி அன்றைக்கே மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

அப்புறம் அவரை எழுப்ப முடியவில்லை. பேரம் அதில், காபி அதில், மத்தியானத் தூக்கம் அதில். வேண்டிய வியாபாரிகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்குப் பெஞ்சு. நானும் அத்தையும் பழையபடி வாசற்படிக்கு அந்தப் பக்கம். ஊசி குத்தியது என் விரலில், சொகுசு அவருக்கு. என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். நைனா எழுந்ததும் நீ போய் உட்கார் என்றார். இந்த யோசனையை எனக்குச் சொல்லத்தான் அவரைப் படிக்க வைத்தார்கள் போலிருக்கிறது.

மாமனார் தலைக்கு நல்லெண்ணெய் தாராளமாக வைப்பவர். சீக்கிரமே உறையின் சாய்மானத்தில் பெரிய வட்டமாக எண்ணெய் இறங்கிவிட்டது. ஓர் அமாவாசைக்கு அத்தையோடு அவர் மலையனூர் போயிருந்தபோது உறையைக் கழற்றித் துவைத்தேன். பழைய புடவைதானே, பிழியும்போதே பரபரவென்று கிழிந்துவிட்டது. மிச்சத்தை மடித்து, பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன்.

அம்மன் வந்து உட்கார்ந்தது

அன்று ராத்திரி கோயிலிலிருந்து திரும்பிய அத்தை கையில் ஒரு புடவை. அம்மனுக்குச் சாத்தின புடவைகளை ஏலம் விடுவார்கள், அதில் எடுத்தது. நல்ல சிவப்பு, மஞ்சள் கரை. இதை எங்கே வைக்கலாம் என்று கேட்டார்.

எனக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஈரக்கை படாத, உயரமான, சுத்தமான இடம் கூடத்தில் இப்போது அந்தச் சாய்மானம் ஒன்றுதான் என்று சொன்னேன். அத்தை என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே கொண்டுபோய்ப் பலகைமேல் போட்டார். அம்மன் புடவைமேல் முதுகைச் சாய்க்க எந்த ஆண்பிள்ளைக்குத் தைரியம் வரும்? மாமனார் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். அப்புறம் புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு நாம் உட்காரலாம். இதுதான் என் திட்டம்.

பாதி பலித்தது. காலையில் எழுந்து வந்த மாமனார் சீட்டைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நாற்காலியைத் தேடிப் போனார். மீதிப் பாதிதான் கையை மீறிவிட்டது. எதிர்வீட்டு அம்மா கேள்விப்பட்டு ஒரு முழம் பூவோடு வந்து புடவைமேல் சாத்தினார். கதம்பம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. அத்தை பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தார். வெள்ளிக்கிழமையில் தெருப் பெண்கள் கூடத்துக்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆண்களை எழுப்ப நினைத்து அம்மனை உட்கார வைத்துவிட்டேன். இனி யாரை எழுப்பச் சொல்வது?

இதில் நான் எதிர்பாராத வேறு ஒன்றும் நடந்தது. மண்டி வியாபாரம் படுத்துவிட்டது.

மல்லாட்டைப் பேரம் என்பது முழுக்க முழுக்கச் சத்தியத்தில் நடப்பது. விற்க வந்தவர் இந்த விலைக்குச் சத்தியமாகக் கட்டாது என்பார். வாங்குகிற மாமனார் இதுக்கு மேல் கொடுத்தால் சத்தியமாக எனக்கு நஷ்டம் என்பார். இரண்டுமே பொய் என்று இருவருக்கும் தெரியும். அப்படியே இறங்கி ஏறி ஓரிடத்தில் வந்து முடியும். இப்போது எதிரில் அம்மன் புடவை, பூ, எரிகிற விளக்கு. விவசாயி "சத்..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொள்வார். மாமனாரும் வாயைத் திறக்க மாட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மூட்டைக்கு விலை படிவதற்குள் பொழுது இறங்கிவிடும்.

மாமனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து, கற்பூரம் ஏற்றி, புடவையைப் பயபக்தியோடு மடித்துக் கண்ணில் ஒற்றிக் கஸ்தூரியிடம் கொடுத்தார். வயசுப் பெண் கட்டிக்கொண்டால் நல்லது நடக்கும் என்றார். விளக்கு சாமி மாடத்துக்குப் போயிற்று. கூடம் காலியானதும், அவர் வாசலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெள்ள சீட்டைப் பார்த்தார். பிறகு பழையபடி கிறீச் என்று சத்தம் கேட்டது.

தலைக்கு மேல் நான்கு எழுத்து

உறை கிழிந்துவிட்டது, புடவை போய்விட்டது என்பதால் சீட்டு வெறுமையாக இருந்தது. மாமனார் குள்ளமானவர். சாய்ந்து உட்கார்ந்தால் மேல் பலகை சரியாக அவர் தலைக்கு மேலே நிற்கும். கண்ணாடி போடாவிட்டால் அவருக்குத் தராசு முள்ளே தெரியாது. பெரிய மீசை, நெற்றி நிறையத் திருநீறு, தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் 'பெண்கள்'. போட்டோ எடுத்து அடியில் போடுகிற பேரை மேலே போட்ட மாதிரி இருந்தது.

அன்று பெஞ்சில் இருந்த இரண்டு வியாபாரிகளும் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. இன்னொருவர் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. என் வீட்டுக்காரர் மூட்டை எண்ணுகிற சாக்கில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போதுதான் தொண்டூரிலிருந்து முனுசாமி வந்தார். வருஷா வருஷம் எங்களுக்கே மல்லாட்டை போடுகிறவர். மாமனாருக்கு அவர்மேல் தனிப் பிரியம். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி உட்காரச் சொன்னார். முனுசாமி நின்றார்.

"பரவால்லீங்க, நிக்கறேன்."

"எடம் இருக்குது இல்ல? ஒக்காருய்யா."

"வேணாங்க, பொம்பளைங்க சீட்டு. ஒரு தபா தெரியாம ஒக்காந்துட்டேன், கண்டக்டர் எழுப்பி உட்டுட்டான். பஸ்ஸு பூரா சிரிச்சிது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அந்த எழுத்த மட்டும் எங்க பாத்தாலும் தெரிஞ்சிக்குவேன்."

"எந்த எழுத்த?"

முனுசாமி மரியாதையாக, விரலை முழுக்க நீட்டாமல், மாமனாரின் தலைக்கு மேல் காட்டினார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அது இன்னா எழுத்து என்று மகனைக் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயே திறக்காதவர், அன்றைக்குப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். பெஞ்சில் இருந்த இருமல் வெடித்தது. அதற்கு மேலே சமையல்கட்டிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. எனக்குப் புதிதான சிரிப்பு. திரும்பினால், அத்தை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சின்ன டப்பா பச்சைப் பெயின்டும் ஒரு பிரஷும் போதும், அந்த எழுத்து மறைந்துவிடும். அப்புறம் என் பிள்ளை பிறக்கிற வரைக்கும், ஏன், அதற்குப் பிறகும், எனக்கு வாசற்படிதான்.

மாமனார் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். முகம் சிவந்திருந்தது. சமையல்கட்டைப் பார்த்து, "சிரிக்கிறது கெடக்கட்டும். உங்க சீட்டுதான? வந்து ஒக்காருங்க பாக்கலாம்" என்றார்.

வர மாட்டார்கள் என்ற தைரியம். கூடத்தில் அத்தனை ஆண்கள். அதில் இரண்டு பேர் வெளியூர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை வேற்று ஆண்கள் முன்னால் நின்றது கூடக் கிடையாது.

அத்தை ஈரக்கையைப் புடவையில் துடைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூட்டு சொடுக்கியது எல்லாருக்கும் கேட்டது. வாசற்படியைத் தாண்டி, கூடத்தின் நடுவாக நடந்து, பெஞ்சைக் கடந்து, சீட்டின் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தார். பஸ்ஸில் உட்காருகிற பழக்கத்தில் கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வாம்மா. வயித்துப் புள்ளக்காரி, எதுக்கு நிக்கற?"

போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் கஸ்தூரி ஓடி வந்து உட்கார்ந்தாள். காலைத் தொங்கப் போட்டேன். எங்கே அழுதுவிடுவேனோ என்று பயந்து, நேர் எதிரில் இருந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கனைக்கவில்லை. முனுசாமி மட்டும், இப்போதுதான் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

எழுதாத சீட்டு

அன்றிலிருந்து அது எங்கள் சீட்டு. கீரை ஆய்ந்தது அதில், கதை பேசியது அதில். பேரம் நடக்கும்போது, அந்த மூட்டையில் ஈரம் இருக்கிறது என்று அத்தை அங்கிருந்தே சொல்ல ஆரம்பித்தார். சொன்னால் சரியாகவும் இருந்தது. மாமனாருக்கு அது வசதியாகவே இருந்தது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவருக்குத்தான் அந்த ஸ்பிரிங்கை மறக்க முடியவில்லை. போகிறபோது வருகிறபோது கையால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார். எழுத்தை அழிக்கவும் மனமில்லை. அழித்தால் கடைத்தெரு சும்மா விடாது. பேரன் பிறக்கட்டும், 'ஆண்கள்' என்று எழுதின சீட்டு ஒன்று வாங்கிப் போட்டு அவனும் நானும் உட்காருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறைக்கே போய் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். அப்படி எந்த பஸ்ஸிலும் எழுதுவதில்லை, எழுதாத சீட்டெல்லாம் ஆம்பளைங்களுதுதானே என்று மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டார்.

பேரன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குத் திக்கென்று இருக்கும். திண்டிவனத்தில், அம்மா வீட்டில் எனக்குப் பிறந்தது பெண்.

செய்தி தெரிந்து எல்லாரும் வந்து பார்த்தார்கள். மாமனாரும் வந்தார். பிள்ளையை எட்ட நின்று பார்த்தார், உடம்பு நல்லா இருக்குதா என்று என்னைக் கேட்டார், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அந்த எட்ட நின்றது எனக்கு வலித்தது. மூன்று மாதம் கழித்துப் பிள்ளையோடு செஞ்சிக்குத் திரும்பியபோது, பஸ்ஸில் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். கூடத்தில் சீட்டு அப்படியே இருந்தது. அத்தை பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமனார் மூட்டைமேல் கையை ஊன்றி நின்றார். பிள்ளை அவர் மீசையைப் பார்த்துக் கை காலை உதைத்துக்கொண்டது. எதிரில் நின்றவர் கொஞ்சம் கிட்டே வந்தார். இன்னும் கொஞ்சம் வந்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

அத்தை கொடுத்தார். பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவர் கொஞ்ச நேரம் நின்றார். கண் மட்டும் சீட்டின்மேல் இருந்தது. சட்டென்று எனக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கஸ்தூரி, நான், என் வீட்டுக்காரர், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம்.

மாமனார் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னா பாக்கறீங்க? சீட்டு இவளுது. நான் வெறும் மடி."

அத்தை ஜன்னலோரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.